சரித்திரப் படங்களும் தொடர்ச்சிப் பிழைகளும்: எதனைத் தேடுகிறோம், எதனை விட்டுவிடுகிறோம்?

சரித்திரத்தைக் கருவாகக் கொண்ட பெரும் திரைப்படம் ஒன்று வெளிவந்துவிட்டால், அதன் கதையைப் பற்றிய பேச்சைவிட அதிலுள்ள பிழைகளைப் பற்றிய பேச்சே சில வேளைகளில் ஓங்கி ஒலிப்பதுண்டு. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் 2022 செப்டெம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளியானபோது இதனைக் கண்டோம். கல்கியின் நாவலில் வரும் மணிமேகலை திரையில் ஏன் இல்லை என்று கேட்டோரும் உளர். சோழ மன்னர்களின் சமயம் எது என்று வாதிட்டோரும் உளர். இவ்விவாதங்கள் வீண்பொழுது என ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆயினும் எதனைப் பிழை என்று கூறுகிறோம், எந்தப் பிழை எவ்வளவு பாரதூரமானது என்பதில் தெளிவு வேண்டும். கல்லும் கடலும் வரலாறு பேசுகின்ற திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு இத்தெளிவு மற்றெவரைக் காட்டிலும் அவசியமானது.

திரைப்படப் பிழைகளை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, காட்சித் தொடர்ச்சியில் ஏற்படும் பிழை. திரைப்படம் கதை நிகழும் ஒழுங்கிலேயே படமாக்கப்படுவதில்லை. அரண்மனைக் கதவைத் திறக்கும் காட்சி ஒரு நாட்டிலும், கதவுக்கு அப்பால் நுழையும் காட்சி பல மாதங்களின் பின் வேறொரு நாட்டிலும் எடுக்கப்படலாம். இரண்டையும் ஒட்டும்போது இடது கையில் இருந்த வாள் வலது கைக்கு மாறியிருக்கும். பாதி எரிந்த விளக்குத் திரி மீண்டும் முழுமையாக நிற்கும். நெற்றியிலிருந்த காயம் பக்கம் மாறியிருக்கும். இவற்றைத் தடுப்பதற்கெனப் படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் உடை, பொருள், நிற்கும் இடம் ஆகியவற்றைக் குறித்தும் புகைப்படம் எடுத்தும் வைப்பார்.

சரித்திரப் படங்களில் இவ்வேலை பன்மடங்கு கடினமாகிறது. நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள், ஒட்டுத் தாடிகள், கவசங்கள், புகை, குதிரைகள் என அனைத்தையும் ஒரே நிலையில் வைத்திருப்பது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது. ரிட்லி ஸ்கொட்டின் 'கிளாடியேட்டர்' படத்தில் (2000) உரோமானிய அரங்கில் கவிழும் தேரின் பின்புறத்தில் எரிவாயு உருளை தென்பட்டமை உலகறிந்த உதாரணமாகும். 2019 மே மாதத்தில் 'கேம் ஒஃப் துரோன்ஸ்' தொடரின் விருந்துக் காட்சியொன்றில் நவீனக் கோப்பிக் குவளை மேசை மீது இருந்ததும், சில நாட்களுக்குள் அது கணினி மூலம் அகற்றப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

இவற்றுட் சில கவனக் குறைவால் நேர்பவை. சிலவோ தெரிந்தே விடப்படுபவை. புகழ்பெற்ற படத்தொகுப்பாளர் வோல்டர் மேர்ச், ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் ஆறு காரணிகளை வரிசைப்படுத்தியுள்ளார். அதில் உணர்ச்சிக்கு 51 வீத முக்கியத்துவம் தந்த அவர், பாத்திரங்களும் பொருட்களும் இருக்கும் இடத்தின் தொடர்ச்சிக்குத் தந்தது 4 வீதமே. நடிகரின் கண்ணீர் உண்மையாக அமைந்த காட்சியில் விளக்குத் திரி பொருந்தவில்லை எனில், தொகுப்பாளர் திரியைத் தியாகம் செய்து கண்ணீரையே தெரிவு செய்வார். எனவே முதல் வகைப் பிழையைக் கண்டால் சிரித்துவிட்டுச் செல்வதே முறை. அதனால் எவருடைய வரலாறும் பங்கமுறுவதில்லை.

இரண்டாவது வகை காலப் பிழை. கதை நிகழும் காலத்தில் இல்லாத ஒன்று திரையில் இடம்பெறுவதே இது. சோழர் காலத்து அடுக்களையில் சிவந்த செத்தல் மிளகாய் குவிந்திருக்குமாயின் அது பிழை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. 1498 இல் வாஸ்கோ ட காமா வந்ததன் பின்னரே போர்த்துக்கேயர் வழியாக எம் பிராந்தியத்தை அடைந்தவை. அதற்கு முன் எமது கறிகளுக்கு உறைப்புத் தந்தது மிளகு. அவ்வாறே, இளவரசனான அருள்மொழியின் பின்னணியில் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து நிற்குமாயின் அதுவும் பிழை. அக்கோயில் நிறைவெய்தியது 1010 ஆம் ஆண்டளவிலாகும். இவ்விடயத்தில் மேனாட்டாரும் விலக்கல்லர். 1297 இல் ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பாலத்தில் நடைபெற்ற போரில் அப்பாலமே வெற்றியைத் தீர்மானித்தது. ஆனால் 'பிரேவ்ஹார்ட்' படத்தில் (1995) அப்போர் பாலமே இல்லாத வெளியில் நடைபெறுகிறது.

இந்த இரண்டாம் வகையை எமது மண்ணிலேயே வைத்துப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கிய நிகழ்வை ஒருவர் படமாக்க முன்வருகிறார் என்று கொள்வோம். சுவாமி மலையின் உச்சியில் இன்றுள்ள கோணேசர் ஆலயத்தை அவர் காட்டினால் அது பிழை. 1950 இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் கண்டெடுக்கப்பட்ட பின்னர் எழுப்பப்பட்டு, 1963 இல் குடமுழுக்குக் கண்ட ஆலயமே இன்று நாம் வழிபடுவது. கிண்ணியாப் பாலத்தைக் காட்டினாலும் பிழையே. அது 2009 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியா மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே துறையைக் கடந்தனர். விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் துறைமுகத்துக்குள் மூழ்குவதாகக் காட்டுவதும் தவறு. முன்னெச்சரிக்கை கிடைத்து முதல் நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறிய அக்கப்பல், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நாட்டின் பெயரும் அன்று ஸ்ரீலங்கா அல்ல. அப்பெயர் 1972 இலேயே வந்தது.

இத்தகைய பிழைகளைச் சுட்டிக்காட்டுவது நல்ல பயிற்சியாகும். பாலம் எப்போது வந்தது, கோயில் எப்போது எழுந்தது என்று தேடும் மாணவன், தன்னையறியாமலே தன் ஊரின் வரலாற்றைக் கற்றுக்கொள்கிறான். அவனது தேடலுக்குத் தரை மட்டுமன்றிக் கடலும் இடமளிக்கும். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். அதே மைக் வில்சன் இயக்கி 1962 இல் வெளியான 'ரன்முத்து தூவ', இந்நாட்டின் முதலாவது முழுநீள வர்ணத் திரைப்படமாகும். அதன் ஆழ்கடற் காட்சிகள் திருகோணமலைக் கடலில் எடுக்கப்பட்டன. சினிமாவும் தொல்பொருளும் ஒரே நீரில் மூழ்கி எழுந்த இடம் இது.

மூன்றாவது வகையே மிகவும் பாரதூரமானது. அது விடுபடலால் ஏற்படும் பிழை. இங்கே வாளும் இடம் மாறவில்லை, மிளகாயும் வரவில்லை. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் சரியாக இருக்கும். ஆனால் இருந்திருக்க வேண்டிய மனிதர்கள் இருக்கமாட்டார்கள்.

இதனைக் கற்பனையோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டுத் தருகின்றது. நந்தினியை எந்தக் கல்வெட்டும் அறியாது. அவள் கல்கியின் படைப்பு. கல்வெட்டின் இடைவெளியில் நாவலாசிரியர் ஒரு பாத்திரத்தை உருவாக்குவது அவரது உரிமை; அதனைப் பிழை என்று கூறுவது அறியாமை. ஆனால் ஒரு சமூகத்தை முழுமையாகக் கொடியவர்களாகவோ, நேற்று வந்தவர்களாகவோ காட்டும்பொருட்டு ஆதாரங்களை விலக்கி வைப்பது வேறு. 2018 இல் வெளியான 'பத்மாவத்' இதற்கு உதாரணமாகும். அலாவுதீன் கில்ஜி சித்தூரைக் கைப்பற்றியது 1303 இல். பத்மாவதியின் கதையோ 1540 ஆம் ஆண்டளவில் மாலிக் முஹம்மத் ஜாயஸி என்ற சூபிக் கவிஞரால் பாடப்பட்டது. இடையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. மங்கோலியப் படையெடுப்புகளைத் தடுத்ததும், சந்தை விலைகளைக் கட்டுப்படுத்தியதுமான ஓர் ஆட்சியாளர், இறைச்சியைக் கடித்துக் கிழிக்கும் காட்டுமிராண்டியாக மாத்திரம் திரையில் எஞ்சினார்.

திருகோணமலையில் இவ்வகைப் பிழைக்கு விலை அதிகம். இங்கு ஒரு கல்லின் பெயர் காணியின் உரிமையாகவும், காணியின் உரிமை மக்களின் இருப்பாகவும் மாறிவிடுகின்றது. ஆனால் எமது கற்களோ எந்த ஒரு தரப்பின் திரைக்கதைக்கும் முழுமையாக இணங்குவதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அக்கற்களைக் கொண்டு கட்டிய கோட்டை, பின்னர் பிரித்தானியரால் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயரிடப்பட்டது. அதன் வாயிலில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இணைக்கயல் சின்னமும் இன்றும் காணக்கிடைக்கின்றன. நகரின் வடமேற்கே பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, சோழர் ஆட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்றது. அப்பௌத்த பள்ளிக்கு வழங்கப்பட்ட தானங்களைப் பதிவு செய்பவை தமிழ்க் கல்வெட்டுகள். சோழர் பௌத்தத்தை அழித்தவர்கள் மட்டுமே என்ற படமும், தமிழர் சைவர்களாக மட்டுமே இருந்தனர் என்ற படமும் இவ்வொரு பள்ளியின் முன் நிற்கமாட்டா.

முஸ்லிம்கள் பற்றிய விடுபடலுக்கும் கல்லே பதில் கூறுகின்றது. 1409 ஆம் ஆண்டுத் திகதியுடன் சீனக் கடற்றளபதி செங் ஹேயினால் கொணரப்பட்டு, 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. அதில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. பாரசீகம் வாசிக்கத் தெரிந்த முஸ்லிம்கள் இத்தீவின் துறைமுகங்களில் இல்லாதிருந்தால், அம்மொழியில் எழுத வேண்டிய தேவை சீனருக்கு ஏன் எழுந்தது? ஐரோப்பியர் வருகைக்கு முந்திய இலங்கைத் துறைமுகத்தைத் திரையில் காட்டும் எவரும், அங்கே ஒரு முஸ்லிம் வணிகரையேனும் காட்டாமல் விடுவாராயின், அதுவே எரிவாயு உருளையைவிடப் பெரிய பிழை.

இங்கேதான் எமது நேர்மையும் சோதிக்கப்படுகின்றது. எம்மை இழிவுபடுத்தும் படத்தில் பிழை தேடும் நாம், எம்மைப் புகழும் படத்தில் அதே கண்ணுடன் தேடுகின்றோமா? சோழரின் கடல் கடந்த வெற்றிகளைத் திரையில் கண்டு பெருமிதம் கொள்ளும் தமிழர், அதே படையெடுப்பில் அநுராதபுரத்தின் விகாரைகள் சூறையாடப்பட்டதாகச் சூளவம்சம் கூறுவதையும், 1017 அளவில் ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைபிடிக்கப்பட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 'கிங்டம் ஒஃப் ஹெவன்' படத்தில் (2005) சலாஹுத்தீன் அய்யூபியின் பெருந்தன்மையைக் கண்டு மகிழும் முஸ்லிம்கள், 1187 இல் ஜெரூசலம் மக்கள் மீட்புப் பணம் செலுத்தியே வெளியேறினர் என்பதையும், செலுத்த இயலாத பல்லாயிரவர் அடிமைகளாயினர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 1099 இல் சிலுவைப் போர்வீரர் நிகழ்த்திய படுகொலையுடன் ஒப்பிடும்போது சலாஹுத்தீனின் நடத்தை உயர்ந்தே நிற்கும்; அதற்கு மிகைப்படுத்தல் வேண்டியதில்லை. இதே அளவுகோலைச் சிங்கள இரசிகர்களும் கைக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமே. எல்லாளன் நீதி வழுவாது ஆண்டான் என்று மகாவம்சமே கூறியிருக்க, துட்டகைமுனுவின் கதையைப் படமாக்குவோர் அதனை விட்டுவிடுதல் தகாது. ஆனால் அந்த எதிர்பார்ப்பைக் கூறும் தகுதி, எமது படங்களை நாமே அளந்த பின்னர்தான் எமக்குக் கிடைக்கும்.

ஆகவே சரித்திரப் படம் ஒன்றைப் பற்றி விவாதிக்கும் முன் மூன்று கேள்விகளை எழுப்பலாம். இது படப்பிடிப்பின் வழுவா, காலத்தின் வழுவா, அன்றி எவரையேனும் மறைத்த வழுவா? இதனைப் பிழை என்று நிறுவ எம்மிடமுள்ள ஆதாரம் கல்வெட்டா, நூலா, அல்லது செவிவழிக் கதையா? இதே பிழை எமக்குச் சாதகமாக அமைந்திருந்தால் நாம் வாய் திறந்திருப்போமா? மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் கூறுவோர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் விவாதம் வசையாக மாறாமல் அறிவாக மாறுவது அக்கேள்வியில்தான் தங்கியுள்ளது.

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் பார்த்து மகிழ்ந்த படத்தின் ஒரு காட்சியை எடுத்து, அதில் எது கல்லில் உள்ளது, எது கதையில் உள்ளது, எவர் விடுபட்டுள்ளனர் என்று எழுதச் சொல்லலாம். தமிழ் மாணவனும் முஸ்லிம் மாணவனும் ஒருவர் விடைத்தாளை மற்றவர் திருத்தட்டும். தன் சமூகத்துக்குப் பிடித்த படத்தில் உள்ள பிழையைத் தானே முதலிற் சுட்டிக்காட்டப் பழகிய தலைமுறையை, எந்தப் பெருந்திரையாலும் இலகுவில் ஏமாற்றிவிட முடியாது என்பதே எமது நம்பிக்கையாகும்.