பனிச்சரிவு – வெயில் வந்தால் ஜாக்கிரதை!



"கோவில்பட்டியில உட்கார்ந்துக்கிட்டு பனிச்சரிவைப் பத்தி எழுதுறியே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு நீங்க கேட்கலாம். நமக்குப் பனின்னா மார்கழி மாசம் பருத்திச் செடியில நிக்கிற பனித்துளிதான். ஆனாலும் சம்பந்தம் இருக்கு.

2016 பிப்ரவரி 3-ம் தேதி, சியாச்சின் பனிமலையில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் முகாம் மேல பனி சரிந்தது. 10 பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் 19-வது பட்டாலியன் வீரர்கள். அதில் 4 பேர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரங்க. கர்நாடகாவைச் சேர்ந்த ஹனுமந்தப்பாவை மட்டும் 6 நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். அவரும் பிப்ரவரி 11-ம் தேதி டெல்லியில் இறந்துவிட்டார். நம்ம பள்ளிக்கூடத்துலயும் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படுறவங்க இருக்காங்க. அதனாலதான் இதை எழுதுகிறேன்.

பனி எப்படிச் சரிகிறது?

மலையில் பனி அடுக்கடுக்காகப் படியும். சில அடுக்கு கெட்டியா இருக்கும், சில அடுக்கு மாவு மாதிரி பொலபொலன்னு இருக்கும். நம்ம ஊர்க் கடலைமிட்டாயை நினைச்சுக்கோங்க. மாவு தூவின தட்டில் மிட்டாய் பாளமா இறுகி இருக்கு. தட்டை லேசாச் சாய்ச்சா ஒண்ணும் ஆகாது. இன்னும் சாய்ச்சா முழுப் பாளமும் ஒரேயடியா வழுக்கிவிடும். பனியும் அப்படித்தான். 30 முதல் 45 டிகிரி வரை சாய்வான இடங்களில்தான் ஆபத்து அதிகம். அதைவிடச் செங்குத்தா இருந்தா பனி தங்காமல் அப்பப்ப உதிர்ந்துவிடும்.

சினிமாவில் காட்டுற மாதிரி கத்தினால் பனி சரியாது. பெரும்பாலான விபத்துகளில் பாளத்தைக் கிளப்பிவிடுவது, அதன்மேல் போகும் ஆளோட எடைதான்.

வெயில் செய்யும் வேலை

"குளிர் குறைஞ்சிருச்சு, வானம் தெளிவா இருக்கு, இனி பயமில்லை"ன்னு நாம நினைப்போம். அது தப்பு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இமயமலைப் பனி ராத்திரி உறைந்து கல்லு மாதிரி ஆகும். வெயில் ஏற ஏற மேல்பனி உருகி, தண்ணீர் உள்ளே இறங்கும். காய்ந்த கரிசல் கட்டியை எறிஞ்சா மண்டை உடையும். அதே கட்டி மழையில் நனைஞ்சா களியாகிடும். இங்கே மழை செய்ற வேலையை அங்கே வெயில் செய்கிறது. அடுக்குகளுக்கு நடுவில் பிடிப்பு விட்டுப்போகும். ஈரப்பனிக்கு எடையும் அதிகம்.

மண்சரிவும் ஏறக்குறைய இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மழையில் ஊறிய மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நம்ம கயத்தாறு.

2023 ஏப்ரல் 4-ம் தேதி, சிக்கிமில் நாதுலா போகும் ரோட்டில் மத்தியான நேரத்தில் பனி சரிந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13-வது மைல் வரைக்கும்தான் அனுமதி, அதைத் தாண்டிப் போயிருந்தாங்கன்னு அதிகாரிகள் சொன்னார்கள்.

என்ன செய்யணும்?

1. விடியுமுன்னே கிளம்பி, வெயில் ஏறுமுன் சரிவைக் கடந்துவிட வேண்டும். ராத்திரி மேகம் மூடி, பனி சரியா உறையலைன்னா காலையிலயும் போகக்கூடாது.

2. கால் முழங்கால் வரை புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானா உருண்டு வந்தாலோ, காலடியில் 'தொம்'னு சத்தமோ விரிசலோ வந்தாலோ திரும்பிடணும்.

3. ஆபத்தான சரிவை ஒவ்வொருத்தராகக் கடக்கணும். மத்தவங்க பத்திரமான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கிட்டு இருக்கணும்.

4. டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. அதைக் கேட்டுட்டுத்தான் போகணும்.

5. சிக்கிக்கொண்டால் ஓரமாகத் தப்பப் பார்க்கணும். முடியலைன்னா, பனி நிற்குமுன் கையை வாய்க்கு முன்னால் வைத்து மூச்சுவிட இடம் உண்டாக்கணும். நின்றபின் பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், கையை அசைக்கவே முடியாது.

நண்பன்தான் ஆம்புலன்ஸ்

புதைந்தவரை 10, 15 நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரை மணி தாண்டினால் மூணு பேரில் ஒருத்தர் பிழைப்பதே பெரிசு. காரணம், மூச்சுத் திணறல். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் ஓடிப்போயிடும். அதனால பனிமலையில் நடக்கிறவங்க ஒவ்வொருத்தரும் மூணு பொருள் வைத்திருக்கணும்: புதைந்த ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, தோண்ட ஒரு சின்ன மம்பட்டி. வாங்கினா மட்டும் போதாது, கீழே இருக்கும்போதே தோண்டிப் பழகணும்.

உங்க வீட்டுல யாராவது பட்டாளத்துல இருந்தாலோ, கோடை லீவுக்குக் குலு, மணாலின்னு கிளம்பினாலோ, இதைப் படிச்சுக் காட்டுங்க. செக்போஸ்ட்ல "இதுக்கு மேல போகாதே"ன்னு சொன்னா, அங்கேயே நின்னு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க.