பூட்டிக்கொண்ட டேப்லெட்டும் கடைக் கணக்கும்

பேரேடும் சிட்டையும் இருந்த மேசையில் இன்று பல கடைகளில் ஒரு டேப்லெட் நிற்கிறது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, வாடிக்கையாளர் பற்றுக் கணக்கு, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அதற்குள்தான். அதைத் திறக்கும் ரகசிய எண் மறந்துபோனால் என்ன செய்வது என்பதை வணிகர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

தினமும் தொடுகிற கருவியின் எண் எப்படி மறக்கும் என்று கேட்கலாம். தினமும் விரல் ரேகையால் திறப்பவருக்கு எண்ணை அழுத்தும் வேலை அபூர்வமாகத்தான் வருகிறது. பொங்கலுக்குக் கடை அடைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வந்தால் சார்ஜ் தீர்ந்து டேப்லெட் அணைந்து கிடக்கும். அணைந்து மீண்டும் இயங்கும்போது முதல் தடவை அது விரல் ரேகையை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். எண்ணை வைத்த ஊழியர் வேலையை விட்டு நின்றுபோன கடைகளிலும் இதே கதைதான்.

அந்த நேரத்தில் பதற்றத்தில் தோன்றிய எண்ணையெல்லாம் அழுத்தக் கூடாது. தவறுகள் கூடக்கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும். ஒரு நிமிடத்தில் தொடங்கி மணிக்கணக்கில் போய் நிற்கும். ஐபேட்டில் பத்து தவறுக்குப் பின் தகவல் அனைத்தையும் அழித்துவிடும் ஏற்பாடும் உண்டு. அதை யாராவது இயக்கி வைத்திருந்தால் பத்தாவது முயற்சியோடு கதை முடிந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து, கடையில் எண் தெரிந்திருக்கக்கூடியவர்கள் எல்லோரையும் கேட்டு, காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். ஐபேட்டில் எண்ணை மாற்றி 72 மணி நேரத்துக்குள் என்றால், பழைய எண்ணைக் கொடுத்து உள்ளே போக 2023-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 17 முதல் வழி இருக்கிறது.

எண் கிடைக்கவே இல்லையென்றால் நிலைமை வேறு. திண்டுக்கல் பூட்டின் சாவி தொலைந்தால் ஆளைக் கூப்பிட்டு உடைத்துத் திறக்கலாம். உள்ளே இருக்கும் சரக்கு அப்படியே இருக்கும். டேப்லெட் அப்படியல்ல. உள்ளே உள்ள தகவல் முழுவதும் சங்கேதமாக்கப்பட்டு, அந்த ரகசிய எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கருவியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதிலுள்ளதை அழித்துத்தான் பெற முடியும். "தகவல் போகாமல் திறந்து தருகிறோம்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டியதில்லை. ஜிமெயில் முகவரியைக் கொடுத்துப் பூட்டைத் திறக்கும் வழி ஆண்ட்ராய்டு 4.4 வரை இருந்தது. இப்போதைய கருவிகளுக்கு அது பொருந்தாது.

அழிக்கும் முறை கடினமல்ல. ஐபேட் ஓஎஸ் 15.2-க்குப் பின் வந்தவற்றில், இணைய இணைப்பு இருந்தால், பூட்டிய திரையிலேயே அழிக்கும் வசதி தெரியும். இல்லையேல் வயர் மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்துச் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் பவர் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து அழுத்தி மீட்புத் திரைக்குப் போக வேண்டும். எந்தப் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அழித்து முடித்ததும் டேப்லெட், முன்பு அதில் பதிவாகியிருந்த முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் கேட்கும். திருடனுக்குப் பயன்படாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஐபேட்டில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 5.1 முதலும் இருக்கிறது. நம் கடைகளில் அந்த முகவரி யாருடையது? டேப்லெட் வாங்கிய அன்று பக்கத்தில் நின்ற கடை ஊழியருடையதாகவோ, விற்ற கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கியதாகவோ இருக்கிறது. அதோடு சேர்த்த செல்பேசி எண் ரீசார்ஜ் இல்லாமல் போயிருந்தால் ஓடிபி யாருக்கோ போகும். ஆகவே கடைக்கென்று ஒரு முகவரி, முதலாளி கையில் உள்ள எண்ணோடு, இன்றே மாற்றிக்கொள்ளத்தக்கது. டேப்லெட் வாங்கிய ரசீதும் கடைப் பெயரில் பத்திரமாக இருக்கட்டும். முகவரி மறந்த ஐபேட்டுக்கு மூல ரசீதைக் காட்டி ஆப்பிள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க முடியும்.

அடுத்து, கணக்கு எங்கே இருக்கிறது? பில் மென்பொருள் விற்றவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. விலையைக்கூடப் பிறகு கேட்கலாம். கணக்கு அவர்களுடைய சர்வரில் இருந்தால், வேறு கருவியில் அதே மென்பொருளை ஏற்றி உள்ளே நுழைந்தவுடன் பற்று வரவு எல்லாம் வந்துவிடும். டேப்லெட்டுக்குள் மட்டும் இருந்தால், அழித்த நொடியில் தெருவில் நிற்கும் கடன் பாக்கி முழுவதும் வாடிக்கையாளரின் நாணயத்தை நம்பியதாகிவிடும். பெரும்பாலோர் நாணயமானவர்கள்தாம், ஆனால் எவ்வளவு பாக்கி என்பது அவர்களுக்கும் நினைவிருக்க வேண்டுமே! இரண்டாவது வகை மென்பொருள் வைத்திருப்பவர்கள் இரவு கல்லாவை எண்ணும்போதே பென்டிரைவிலோ இணையத்திலோ ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. கணக்கு ஏடுகளை ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. மின்னணு முறையில் வைத்திருப்போர் முறையான நகலும் வைத்திருக்க வேண்டும் என்றும், அதிகாரி கேட்கும்போது அந்தக் கோப்புகளின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும் என்றும் விதி 57 கூறுகிறது. அங்கே போய் மறந்துவிட்டது என்று சொல்வது எடுபடாது.

டேப்லெட் சரியாகும் வரை கடையை மூட வேண்டியதில்லை. கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று தனி வரிசை எண்ணோடு அச்சடித்து வைத்திருந்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள விதி 46 இடம் தருகிறது, நிதியாண்டுக்குள் எண் தொடர்ச்சியாக இருந்தால் சரி. ரூ.200-க்குக் குறைந்த சில்லறை விற்பனையில், வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், நாள் முடிவில் மொத்தமாக ஒரே பில் எழுதிக்கொள்ளலாம். டேப்லெட் திரும்பிய பின் அந்தப் பில்களை ஏற்றும்போது புத்தகத்தில் உள்ள எண்ணையே குறிப்பிடும்படி ஆடிட்டரிடமும் கணக்கு எழுதுபவரிடமும் சொல்லிவைக்கவும்.