முதலில் முகவரி

இத்தாலியின் பலெர்மோ நகரில் யாழ்ப்பாணத்தவர் பலர் நீண்ட காலமாக வாழ்ந்து வருகின்றனர். எங்கள் ஒழுங்கை அக்கா ஒருவரும் திருமணமாகி அங்கே போகவிருக்கிறார். "நடுச்சாமத்தில் வீட்டில் ஒருவருக்குக் கடும் வருத்தம் என்றால், யாரிடம் என்ன மொழியில் சொல்வது?" என்று கேட்டார். அவருக்காகத் தேடி எழுதியவை இவை.

அங்கே அவசர இலக்கம் 112. கட்டணம் இல்லை.

"சோனோ இன் வீயா..." என்றால் "நான் இந்த வீதியில் இருக்கிறேன்". தொடர்ந்து வீதியின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்ல வேண்டும்.
"செர்வே உன் அம்புலான்ட்ஸா" என்றால் "அம்புலன்ஸ் தேவை".
"நோன் ரெஸ்பீரா" என்றால் "மூச்சு விடவில்லை".
"அயூத்தோ" என்றால் "உதவி".

முகவரியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடையில் தொடர்பு அறுந்தாலும் எங்கே வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் சொல்லும்வரை நாம் தொலைபேசியை வைக்கக் கூடாது.

எழுதி முடித்தபோது ஒன்று உறைத்தது. இங்கே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைத் தமிழிலேயே அழைக்கலாம்; அதுவும் இலவசம். ஆனால் எங்கள் வீட்டு இலக்கம் என் தம்பிக்குத் தெரியாது! அன்றிரவே முகவரியை எழுதிக் கதவருகே ஒட்டினேன். உங்கள் வீட்டுச் சிறுவர்களிடமும் இன்று கேட்டுப் பாருங்கள்.