கப்பல் 5 மணிக்குன்னா துறைமுகத்துக்கு எப்போ போகணும்? திருச்சி, ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்புறவங்களுக்கு ஒரு கணக்கு

திருச்சி ஜங்ஷனில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸை விட்டுட்டு, ஆட்டோவில் பறந்துபோய் ஸ்ரீரங்கத்தில் ஏறினதா கதை சொல்பவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். ரயிலில் அந்த விளையாட்டு நடக்கும். சொகுசுக் கப்பலில் நடக்காது. அதோட அடுத்த 'ஸ்டேஷன்' விசாகப்பட்டினமா இருக்கலாம், இலங்கையின் அம்பாந்தோட்டையாகவும் இருக்கலாம்.

சென்னை துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் 4-ம் தேதி, முதல்வர் மு.க.ஸ்டாலின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் சேவையைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 5-ம் தேதி அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. எந்த மாதம், எந்த ஊருக்கு என்கிற அட்டவணை அடிக்கடி மாறும். ஆனால் வெளியூரிலிருந்து வரும் பயணிகளுக்கு எப்போதும் இருக்கும் கேள்வி ஒன்றுதான். எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்?

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எது?

டிக்கெட்டில் பெரிதாகத் தெரியும் 'மாலை 5 மணி' என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். பயணிகள் பார்க்க வேண்டியது செக்-இன் முடியும் நேரத்தை. உலக அளவில் பல கப்பல் நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 முதல் 120 நிமிடங்களுக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுகின்றன. உங்கள் கப்பலுக்கு எத்தனை நிமிடம் என்பது போர்டிங் சீட்டில் இருக்கும். அதை முதலில் தேடிப் படித்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு முன்னாடியே மூடணும்?

விமானத்தில் ஏறுவது சில நூறு பேர். கப்பலில் ஆயிரத்துக்கு மேல். யார் யார் ஏறினார்கள் என்கிற இறுதிப் பட்டியல் தயாராகி, அதிகாரிகளிடம் போகணும். வெளிநாட்டுப் பயணம் என்றால் குடியேற்றம், சுங்கச் சோதனை எல்லாம் கரையிலேயே முடியணும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்தபோது, அன்றைக்குத்தான் ஏறிய பயணிகளுக்கு அவசர காலத்தில் எங்கே போய் நிற்கணும் என்கிற பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பிறகு சர்வதேச விதி மாற்றப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவருக்கு அங்கே இடமில்லை.

அதோடு துறைமுக பைலட், இழுவைப் படகுகள் எல்லாம் குறிப்பிட்ட நேரத்துக்குச் சொல்லி வைக்கப்பட்டவை. நாலு பேருக்காக அவற்றை நிறுத்தி வைப்பது கஷ்டம்.

எந்த ரயிலில் போனால் சரி?

பலர் தப்புக் கணக்கு போடுவது இங்கேதான். வைகை எக்ஸ்பிரஸும் நெல்லை வந்தே பாரத்தும் காலையில் திருச்சியைக் கடந்து, மதியம் 2 மணி வாக்கில் எழும்பூர் சேரும். "5 மணி கப்பலுக்கு இது போதுமே"ன்னு தோணும். செக்-இன் 3 மணிக்கு மூடினால் கையில் இருப்பது ஒரே மணி நேரம். அதில் பெட்டியோடு பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்து, கார் பிடித்து, ராஜாஜி சாலைக்குப் போய், துறைமுக வாசலில் சிஐஎஸ்எஃப் சோதனை முடிக்கணும். ரயில் 40 நிமிடம் தாமதம் என்றால் கதை முடிந்தது. பல்லவன் மதியம் 12 மணியைக் கடந்து சேரும். அது பரவாயில்லை, ஆனால் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முந்தின இரவு மலைக்கோட்டைதான் பாதுகாப்பானது. இரவு 11 மணி வாக்கில் ஏறினால் அதிகாலை 5 மணியை ஒட்டி எழும்பூர். ரெண்டு மணி நேரம் தாமதமானாலும் நஷ்டமில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஜங்ஷனுக்கு வரவே வேண்டாம், அங்கேயே நிற்கும். ஒரு எச்சரிக்கை: எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணியால் சில ரயில்கள் அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்தப்படுகின்றன. முதல்நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு சுமார் 330 கி.மீ. தூரம் பிரச்சினை இல்லை, செங்கல்பட்டுக்கு அப்புறம்தான் பிரச்சினை. பொங்கல், தீபாவளி விடுமுறை முடிகிற நாளில் பரனூர் சுங்கச்சாவடியில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீக்கிரமே போய் உட்கார்ந்துடலாமா?

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரியே ரங்கா ரங்கா கோபுரத்துக்கு முன்னால் இடம் பிடிக்கிற ஊர் நம்முடையது. அந்தப் பழக்கத்தில் காலை 6 மணிக்கே துறைமுக வாசலுக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள். துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி, ரயில் நிலையம் மாதிரி கிடையாது. பல கப்பல்களில் உங்களுக்கென ஒரு வருகை நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் போவதுதான் நல்லது. நேரம் ஒதுக்கவில்லை என்றால், செக்-இன் மூடுவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பு வாசலில் இருந்தால் நிம்மதி. அதுவரை தி.நகரிலோ மாம்பலத்திலோ சொந்தக்காரர் வீடு இல்லாத திருச்சிக்காரர் உண்டா என்ன! அப்படியும் இல்லையென்றால் எழும்பூரில் லக்கேஜ் வைக்கும் அறை இருக்கிறது. வயதானவர்கள் கூட வந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு ரூம் போடுவது செலவல்ல.

தவறவிட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. அடுத்த துறைமுகத்தில் ஏறலாம் என்று நினைத்தால், அதற்கு நிறுவனமும் அதிகாரிகளும் சம்மதிக்கணும், போகிற செலவும் உங்களுடையது.

2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் 'நார்வீஜியன் டான்' கப்பலிலிருந்து தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குப் போன 8 பேர் தாமதமாகத் திரும்பினார்கள். கடலோரக் காவல் படகில் கப்பல் அருகே வரை போயும் ஏற்றவில்லை என்றார்கள். நாடு நாடாகத் துரத்திப் போனார்கள். காம்பியாவில் நீர்மட்டம் குறைவு என்று கப்பல் கரைக்கே வரவில்லை. கடைசியில் சில நாள் கழித்து செனகலில்தான் ஏற முடிந்தது. நடுவில் இறங்கிச் சுற்றும்போதும் கப்பலின் நேரத்தைத்தான் பார்க்கணும் என்பது இதனால்தான்.

ஒரு காலத்தில் கப்பல் காத்திருந்தது

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே, எழும்பூரிலிருந்து திருச்சி வழியாக தனுஷ்கோடிக்கு போட் மெயிலை ஓட்டியது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தொடங்கிய இந்த வழியில், ரயிலின் நேரத்துக்கு ஏற்பத்தான் கப்பலின் நேரம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அதையும் கொண்டுபோனது. இன்றைக்கு ரயில்காரருக்கும் கப்பல்காரருக்கும் சம்பந்தமே கிடையாது.

சென்னை வேண்டாம், பக்கத்தில் நாகப்பட்டினம் போதும் என்பவர்களுக்கு 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மீண்டும் ஓடிய காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. சொகுசுக் கப்பல் இல்லை, சில மணி நேரப் பயணம்தான். ஆனால் பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை எல்லாம் உண்டு. காலையில் கிளம்பும் கப்பல் என்பதால் திருச்சியிலிருந்து அதிகாலை புறப்படுவதைவிட இரவே நாகையில் தங்குவது மேல். வடகிழக்குப் பருவமழையில் சேவை நிறுத்தப்படுவது வழக்கம். கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் நாளுக்கும் ஒரு வார்த்தை. கப்பல் காலை 7 மணிக்குச் சென்னை வந்தாலும் பெட்டி எடுத்து, சோதனை முடித்து வெளியே வர மூணு மணி நேரம்கூட ஆகலாம். ஊருக்குத் திரும்ப மதிய வைகைக்கோ, அதற்குப் பிந்தைய ரயிலுக்கோ டிக்கெட் போடுங்கள்.