எந்த வலிப்பு என்று கேளுங்கள்

வலிப்பு வந்தவரைப் பார்க்கும் வீட்டாருக்கு அது ஒரே நோய்தான். ஆள் விழுகிறார், கை கால் வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது, சற்று நேரத்தில் அடங்குகிறது. மருத்துவர் எழுதித் தரும் சீட்டிலும் பல நேரம் ‘ஃபிட்ஸ்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இருப்பதில்லை. ஆனால் மூளைக்குள் நடப்பது ஆளுக்கு ஆள் வேறு. சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2017-ல் வெளியிட்ட வகைப்பாடு மருத்துவரிடம் அடுக்கடுக்காகக் கேட்கிறது: வலிப்பு மூளையின் ஓரிடத்தில் தொடங்குகிறதா, இரு பாதியிலும் ஒருசேரத் தொடங்குகிறதா? நோயாளியின் வயதையும் அறிகுறிகளையும் வைத்து இன்ன நோய் என்று பெயர் சொல்ல முடியுமா? காரணம் மூளையின் அமைப்பிலா, மரபணுவிலா, தொற்றிலா, வளர்சிதை மாற்றத்திலா, நோய் எதிர்ப்பு மண்டலத்திலா, அல்லது இன்னும் தெரியாததா? இது ஆராய்ச்சியாளர்களின் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. எந்த மாத்திரை குணம் தரும், எது இருப்பதையும் கெடுக்கும் என்பதை இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் தீர்மானிக்கிறது. ஆகவே தனக்கோ தன் பிள்ளைக்கோ வந்திருப்பது எந்த வலிப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

பதின்ம வயதில் தலைகாட்டும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். இளம்பருவத் தசைத்துடிப்பு வலிப்பு என்று அதைச் சொல்லலாம். தூங்கி எழுந்த சிறிது நேரத்தில் தோளும் கையும் வெடுக்கென்று துள்ளும். பல் துலக்கும் பிரஷ் தெறித்து விழும், காபி டம்ளர் கை நழுவும். கவனமில்லாத பிள்ளை என்று வீட்டில் திட்டு விழும். பரீட்சைக்காகக் கண்விழித்த இரவுக்கு மறுநாள் காலையில் பெரிய வலிப்பு வந்து விழும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே அந்தப் பெரிய வலிப்பைப் பற்றி மட்டும் சொல்லி, காலைத் துள்ளல்களைச் சொல்லாமல் விட்டால், கார்பமசெபைன் எழுதப்பட வாய்ப்புண்டு. ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு அது நல்ல மருந்து. இந்த வகையிலோ துள்ளல்களை அதிகமாக்கக்கூடியது. இதற்கு நன்றாகக் கேட்கும் மருந்து வால்ப்ரோயேட். ஆனால் கர்ப்ப காலத்தில் அதை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்குப் பிறவிக் குறைகள் காணப்படுகின்றன. முப்பது முதல் நாற்பது பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவு ஏற்படலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்திவருவது இந்தக் கவலையால்தான். இந்த மருந்தைப் பெண்பிள்ளைக்கு எழுதுவதற்கு முன்னால், வேறு மருந்து பொருந்துமா என்று அவளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். அதற்காக, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

‘எந்த வகையாக இருந்தால் என்ன, பெரும்பாலோருக்குச் சாதாரண மாத்திரையிலேயே அடங்கிவிடுகிறதே’ என்று ஒருவர் கேட்கலாம். அதில் பாதி உண்மை. க்வான், பிராடி இருவரும் 2000-ல் வெளியிட்ட ஸ்காட்லாந்து ஆய்வில் 525 நோயாளிகளில் 63 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. மீதி 37 சதவீதம் பேரை என்ன செய்வது? சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் மூன்றாவது மருந்தால் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் அதே வழியில் தெரியவந்ததுதான். அந்தக் கட்டத்தில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, அறுவை சிகிச்சை உதவுமா என்று பரிசோதிக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பேரை, அனைவரும் 18 வயதோ அதற்குக் கீழோ, இரு குழுக்களாக்கிச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் வலிப்பில்லாமல் இருந்தார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம். நம் நாட்டிலேயே, அரசு மருத்துவமனையிலேயே கிடைத்த முடிவு இது. ஆனாலும் பத்து, பதினைந்து வருடம் மாத்திரையோடு மன்றாடிய பிறகுதான் பலர் அந்த வாசலுக்கு வருகிறார்கள். வருவதற்குள் படிப்பும் வேலையும் போயிருக்கும்.

மரபணு ஆராய்ச்சி இந்த வாதத்தை இன்னும் அழுத்தமாக்குகிறது. பிரான்ஸ் மருத்துவர் ஷார்லோட் திராவே 1978-ல் விவரித்த ஒரு வலிப்பு நோய், நன்றாக இருந்த குழந்தைக்கு முதல் வயதுக்குள் காய்ச்சலோடு நெடுநேர வலிப்பாகத் தொடங்கும். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவின் பிழையே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று 2001-ல் தெரியவந்தது. அந்த மரபணு நரம்பணுவின் சோடியம் வாய்க்காலை உருவாக்குவது. ஆகவே சோடியம் வாய்க்காலை அடைக்கும் கார்பமசெபைன், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் ஆகியவை இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். இன்னொரு பலனும் கிடைத்தது. தடுப்பூசியால் மூளை பாதித்தது என்று கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-ல் பரிசோதித்தபோது 11 பேரிடம் இதே மரபணுப் பிழை இருந்தது. ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம். நோய் குழந்தையோடு கூடவே பிறந்தது. ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட ஒரு தாய்க்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல்! குளூக்கோஸை மூளைக்குள் கடத்தும் மரபணுவில் பழுதிருந்தால் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவே சிகிச்சை. பச்சிளம் குழந்தைக்கு வரும் ஓர் அரிய வலிப்பு வைட்டமின் பி6 கொடுத்தால் நின்றுவிடும். கொடுக்கத் தோன்றாவிட்டால் எந்த மருந்துக்கும் நிற்காது.

செலவு அதிகமாயிற்றே, எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனை சாத்தியமா? எல்லாருக்கும் தேவையே இல்லை. நம் நாட்டில் வலிப்புக்கு நாடாப்புழுவின் முட்டையும் ஒரு முக்கியக் காரணம்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஸ்கேனில் காசநோய்க் கட்டி என்று எண்ணப்பட்ட பல சிறு புள்ளிகளை எடுத்துச் சோதித்து, அவை அந்தப் புழுவின் நீர்க்கட்டிகள் என்று காட்டினார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஸ்கேன் போதும். ஒரு வயதுக்குள் தொடங்கிய வலிப்பு, வளர்ச்சி பின்தங்கும் குழந்தை, ஸ்கேனில் காரணம் தெரியாமல் மருந்துக்கும் அடங்காத நோய் ஆகியவற்றில்தான் மரபணுப் பரிசோதனை வழிகாட்டும். வகையைக் கண்டுபிடிக்கும் முதல் கருவிக்கோ காசே வேண்டாம்: வலிப்பு எப்படித் தொடங்கியது என்று நேரில் பார்த்தவர் சொல்லும் விவரமும் கைப்பேசியில் எடுத்த வீடியோவும் போதும்.

‘மரபணு என்று சீட்டில் எழுதிவிட்டால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகுமா’ என்ற அச்சம் இதைவிடக் கனமானது. மரபணுக் காரணம் என்றாலே பரம்பரை நோய் என்று பொருளல்ல. திராவே நோயில் பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாத பிழை குழந்தையிடம் புதிதாகத் தோன்றுகிறது. பொதுவாக வலிப்பு நோயை எடுத்துக்கொண்டாலும், அமெரிக்காவின் ரோசெஸ்டரில் செய்த ஆய்வில், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 40 வயதுக்குள் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பைத் தடையாகச் சொன்ன வாசகம் 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காக மறைத்துக் கல்யாணம் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். மறைப்பவர் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கும், ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை தவறிப்போகும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. எனவே பரிசோதனைக்கு முன்பே, முடிவு யார் கையில் போகும், என்ன தெரியவரலாம், தெரியாமலும் போகலாமா என்று மருத்துவர் விளக்கக் கேட்டு, பிறகு சம்மதியுங்கள்.

கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையையும் சொல்கிறது. ஆகவே இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. முடிவுகளையும் இதுவரை சாப்பிட்ட மருந்து, அளவு, தேதி ஆகியவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துக்கும் அடங்காவிட்டால் அந்தக் கோப்போடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். புது மாத்திரை தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கார்பமசெபைன் சில மரபணு அமைப்புள்ளவர்களுக்குத் தோலையே உரித்தெடுக்கும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004-ல் கண்டார்கள். வலிப்பு வரும்போது சாவியும் இரும்பும் எதற்கும் உதவாது, வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.