வழித்துணைக்கும் ஒரு சீட்டு

பார்வையற்ற ஒருவர் புகைவண்டி நிலையத்திலே பிரயாணச் சீட்டு வாங்குகிறார். சீட்டின் விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் விலை அதுவே. எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பது முதற்பார்வைக்கு நீதியாகவே தோன்றும். ஆயினும் இருவருடைய செலவையும் பிரயாணம் முடியும் வரையில் கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். பின்னால் நின்றவர் 100 ரூபாவோடு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். பார்வையற்றவரோ, பழக்கமில்லாத நிலையத்தில் இறங்குவதற்கும், அங்கிருந்து வைத்தியசாலைக்கோ அலுவலகத்திற்கோ வழிகண்டு செல்வதற்கும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல நேரிடலாம். துணைவரும் சீட்டு வாங்கியாக வேண்டும். காரியம் ஒன்று, பிரயாணி ஒருவர். செலவோ 200 ரூபா.

நேயர்களே, பார்வையற்றோருக்கும் அங்கவீனருக்கும் வழங்கப்படும் சலுகைக் கட்டணத்தின் உட்பொருளை விளங்கிக்கொள்வதற்கு இந்தச் சிறு கணக்கே போதுமானது. இச்சலுகையை இரக்கத்தினால் இடப்படும் கொடை என்று கருதுவோர் பலர் உளர். உண்மையிலே, குறைபாட்டின் காரணமாக ஒருவர் மீது சுமத்தப்பட்ட மேலதிகச் செலவைக் குறைத்து, அவரை மற்றப் பிரயாணிகளோடு சமநிலையில் நிறுத்துவதே அதன் நோக்கம் ஆகும்.

அயல்நாடாகிய இந்தியாவின் புகைவண்டிப் பகுதி இவ்விஷயத்தில் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. முற்றாகப் பார்வை இழந்தவர் இரண்டாம் வகுப்பிலும், படுக்கை வசதியுள்ள சாதாரண வகுப்பிலும் பிரயாணம் செய்யும்போது அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் குறைக்கப்படுகிறது. அவரோடு செல்லும் துணைவர் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. முன்னர் கண்ட கணக்கின்படி ஒவ்வொருவரும் 25 ரூபா செலுத்த, இருவருக்கும் சேர்த்து 50 ரூபாவே ஆகிறது. கேட்கும் திறனையும் பேசும் திறனையும் ஒருங்கே முற்றாக இழந்தவருக்கும் அவருடைய துணைவருக்கும் 50 சதவீதம் குறைக்கப்படுகிறது. அவ்விருவரும் சேர்ந்து செலுத்துவது 100 ரூபா. அதாவது மற்ற ஒருவர் தனியே செலுத்தும் தொகை. இச்சலுகை அடிப்படைக் கட்டணத்திற்கு மாத்திரமே உரியது என்பதையும், ஆசனப் பதிவுக் கட்டணம் போன்றவற்றை முழுமையாகவே செலுத்த வேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது. உயர்ந்த வகுப்புகளிலும் சில விசேஷ வண்டிகளிலும் சலுகையின் அளவு குறைந்துவிடுகிறது.

இந்த விதிகளில் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. பார்வையற்றவர் தனியே சென்றாலும் துணையோடு சென்றாலும் சலுகை பெறுகிறார். கைகால் ஊனமுற்றோரைப் பற்றிய விதியோ, துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாதவர்களை மாத்திரமே குறிப்பிடுகிறது. முதலாவது விதி, துணை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவைப் பிரயாணியிடமே விட்டுவிடுகிறது. இரண்டாவது விதியின்படி, ஊன்றுகோலின் உதவியோடு அரும்பாடுபட்டுத் தனியே நடமாடப் பழகிக்கொண்ட ஒருவர், அம்முயற்சியின் பயனாகவே சலுகையை இழக்கவும் கூடும். துணை வேண்டியவருக்குத் துணைக்கான சீட்டும், தனியே செல்ல வல்லவருக்கு அவருக்குரிய சலுகையும் கிடைக்கச் செய்வதே சிறந்த ஏற்பாடு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொற்றுநோய் பரவியபோது, அநாவசியப் பிரயாணத்தைத் தடுக்கும்பொருட்டு இந்தியப் புகைவண்டிப் பகுதி முதியோர் சலுகை உட்படப் பலவற்றை நிறுத்தியது. அங்கவீனர், நோயாளர், மாணவர் ஆகியோரின் சலுகைகள் அப்போதும் நிறுத்தப்படவில்லை. அவர்களுடைய பிரயாணத்தின் அவசியம் அந்நெருக்கடியிலும் உணரப்பட்டது என்பதற்கு இது சான்று.

ஆகாய விமானப் பிரயாணத்தில் இதே தத்துவத்தைக் கனடா தேசம் இன்னும் வெளிப்படையாக நிலைநாட்டியது. அங்கே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு, 2008ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ‘ஓர் ஆளுக்கு ஒரு கட்டணம்’ என்னும் தீர்ப்பை வழங்கியது. குறைபாட்டின் காரணமாகத் துணைவரோடு செல்ல வேண்டியவரிடமிருந்து, நாட்டிற்குள்ளே செல்லும் விமானங்களில், துணைவருக்கெனத் தனிக் கட்டணம் அறவிடலாகாது என்பது அதன் சாரம். விமானக் கொம்பனிகள் இதனை எதிர்த்து உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றன. அவ்வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நீதிமன்றம் மறுத்துவிடவே, 2009ஆம் ஆண்டில் தீர்ப்பு அமுலுக்கு வந்தது.

இங்கிலாந்திலே, தகுதியுள்ள அங்கவீனர் உள்ளூர்ப் பஸ் வண்டிகளில் நாடெங்கும் இலவசமாகச் செல்லும் ஏற்பாடு 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கியது. சிறிதளவு பார்வை உள்ளவரும் இதில் அடங்குவர். ஆனால் வார நாட்களில் காலை 9.30 மணிக்குப் பின்னரே இவ்வுரிமை சட்டப்படி கிடைக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொழிலுக்குப் புறப்படும் பார்வையற்றவருக்கு அதனால் பயன் யாது? நேரத்தைத் தளர்த்துவதும், துணைவருக்கு இடமளிப்பதும் அந்தந்த உள்ளூராட்சி மன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தனவாக உள்ளன. அங்கவீனர் வைத்தியசாலைக்கும் உறவினர் வீட்டிற்கும் மாத்திரம் செல்பவர் என்ற பழைய எண்ணத்தின் நிழல் இவ்விதியில் படிந்திருக்கிறது. அவரும் உழைத்து உண்பவர் என்பதை ஏற்றுக்கொண்டால், அவருடைய காலை வண்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டில் அங்கவீனரின் உரிமைகள் பற்றிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 20ஆம் உறுப்புரை, அவர்கள் தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும், தாங்கக்கூடிய செலவிலும் நடமாடுவதற்கு அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று கூறுகிறது. இலங்கை 2016ஆம் ஆண்டில் இவ்வொப்பந்தத்தை உறுதிசெய்தது. ஆகவே இது நமக்கும் உரிய விஷயமே.

எந்த நாட்டில் எந்தச் சலுகை அறிவிக்கப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டு அதன் தரத்தை அறியலாம். துணைவரின் சீட்டு கணக்கில் எடுக்கப்பட்டுள்ளதா? தனியே செல்ல விரும்புபவர் அதனால் நட்டமடைகிறாரா? தொழிலுக்குச் செல்லும் நேரத்தில் அச்சலுகை செல்லுபடியாகுமா? இம்மூன்றுக்கும் தக்க விடை இருப்பினும் ஒன்று எஞ்சியிருக்கிறது. சீட்டுக் கொடுப்பவரும் நடத்துநரும், அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டும் பிரயாணியைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பலர் முன்னிலையில் கேள்வி மேல் கேள்வி கேட்பாராயின், அடுத்த முறை அவர் முழுக் கட்டணத்தையே கொடுத்துவிடுவார். அல்லது வீட்டிலேயே இருந்துவிடுவார்.

வரிசையில் பின்னால் நிற்கும் நமக்கும் இதிலே பங்கு உண்டு. ஒரு நிமிடம் தாமதமாகிறதென்று முணுமுணுக்காமல் நிற்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.