கபாலி: ஒரு பெயரும் அதை அழைக்கும் குரலும்

2016 ஜூலை 22 அன்று ‘கபாலி’ திரைப்படம் வெளியானது. அதற்கு முன்பு தமிழ்த் திரையில் கபாலி என்றால் லுங்கி கட்டிய அடியாள். முதலாளி பெயர் சொல்லி அழைத்ததும் குனிந்து நிற்பவன். அந்தப் பிம்பத்தைச் சுட்டிக்காட்டி மறுக்கும் வசனத்தை இயக்குநர் பா. இரஞ்சித் முன்னோட்டத்திலேயே வைத்தார். அவர் ஆவடியை அடுத்த கர்லப்பாக்கத்தில் பிறந்தவர். பெயர் சொல்லி அழைக்கும் குரலிலேயே சாதி ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தோருக்கு அந்த வசனம் வெறும் கைதட்டலுக்கானதாகத் தோன்றியிருக்காது.

பெயரின் ஒலிப்பைச் சற்று உற்றுநோக்குவோம். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் வன்மையாகவும், உயிர்களுக்கு இடையில் வரும் பகரம் மென்மையாகவும் ஒலிக்கும். ‘பாலம்’, ‘சபை’ ஆகிய இரண்டையும் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘கபாலி’யின் பகரம் ‘சபை’யின் பகரமே. ஆனால் வடமொழியின் ‘கபாலம்’, அதாவது மண்டையோடு, வன்மையான ஒலியுடையது. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வேடிக்கை நிகழ்கிறது. மயிலாப்பூர் கோயில் ஆங்கிலப் பலகைகளில் ‘பி’ எழுத்தோடும், திரைப்படத்தின் கபாலி ‘பீ’யை விட்டுப் பேச்சொலிக்கு நெருங்கிய மெல்லொலி எழுத்தோடும் நிற்கிறார்கள். கடவுளுக்கு வடமொழி ஒலி, மனிதனுக்குத் தெருவின் ஒலி. தமிழில் எழுதினால் இருவருக்கும் ஒரே எழுத்துதான்.

இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாகும் என்பது தொல்காப்பிய விதி. ‘கபாலீ’ என்று நண்பன் அழைப்பதும் இவ்விதிப்படிதான். முதலாளி அதட்டுவதும் இவ்விதிப்படிதான். இலக்கணம் ஒன்றே என்றாலும், அழைப்பவனின் இடம் பெயரின் பொருளையே மாற்றிவிடுகிறது.

மண்டையோடு ஏந்திப் பிச்சையெடுப்பவன், சுடுகாட்டில் ஆடுபவன் என்பதனால்தான் சிவனுக்குக் கபாலி என்று பெயர். அந்தச் சுடலைக் கோலம் பக்தியில் போற்றப்படுகிறது, கோபுரம் எழுப்பப்படுகிறது. ஆனால் ஊரின் பிணங்களை எரிக்கவும் புதைக்கவும் சாதியால் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள் அதே சுடலையின் பெயராலேயே தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டனர். இந்த முரண்பாட்டைச் சைவப் பெருமை பேசுவோர் எவரும் விளக்கி நாம் கேட்டதில்லை.

பெயரில் இழிவைத் திணிப்பது தற்செயலான பழக்கமன்று. பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும், சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம். வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டோருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அந்தக் குறையை ஊர் தீர்த்துவைத்தது. முனுசாமி என்று பெற்றோர் இட்ட பெயரிலுள்ள ‘சாமி’யை உச்சரிக்க மனமில்லாதவர்கள் அதை ‘முனியா’ என்று சுருக்கினர். வயதில் மூத்தவராயினும் ‘டா’ போட்டே அழைத்தனர்.

இதற்கு எதிர்வினை இரு வகைகளில் எழுந்தது. ஒன்று, பெயரையே விட்டு வெளியேறுதல். 1845இல் பிறந்த காத்தவராயன் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசரானார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஆசிரியர் மீதான மரியாதையே அங்கு முதன்மைக் காரணம் என்றாலும், தம் பெயரைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை அவர் நிலைநாட்டினார் என்றே நாம் வாசிக்கிறோம். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றதற்குப் பின், சித்தார்த்தன், கௌதமன், இராகுலன் முதலிய பெயர்கள் தலித் இல்லங்களில் அரசியல் பொருளோடு நுழைந்தன.

மற்றொன்று, இழிவுபடுத்தப்பட்ட அதே பெயரை நிமிர்த்திப் பிடித்தல். இரஞ்சித்தின் கபாலி அதைத்தான் செய்தார். சிறையில் அவர் ஒய்.பி. சத்தியநாராயணாவின் தன்வரலாற்று நூலான ‘என் தந்தை பாலய்யா’வை வாசிப்பதாகக் காட்டியதும் அதன் தொடர்ச்சியே.

ஆயினும் படத்தின் வெற்றி தொட்டில்களை எட்டியதாகத் தெரியவில்லை. அம்பத்தூர், பட்டாபிராம், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நாமறிந்த கபாலிகள் பெரும்பாலும் தாத்தாக்கள். பேரன்கள் கபிலன்களாகவும் இராகுல்களாகவும் இருக்கிறார்கள். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’யின் நாயகனுக்கு இரஞ்சித்தும் கபிலன் என்றே பெயரிட்டார். பிள்ளை கல்லூரியிலும் வேலை நேர்காணலிலும் தன் பெயரைச் சொல்லும்போது எதிரிலிருப்பவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழக்கூடாது என்று பெற்றோர் எண்ணுவதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. பத்தாண்டுகளுக்கு முன் திரையரங்கில் எழுந்து நின்று அந்தப் பெயரை முழங்கியவர்களும் அவர்களேதான்.